பகிர்ந்த ஆய்வுக் கணினியில் ஒருவருக்கு ஒரு கணக்கு: அணுகலையும் அடையாளத்தையும் ஒழுங்குபடுத்தும் வழிமுறை

1986 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிப் பயன்பாட்டுக் கணக்கு 75 சென்ட் இடித்தது. அதைச் சரிபார்க்கும் பொறுப்பு வானியலாளர் கிளிஃபோர்ட் ஸ்டோலிடம் வந்தது. யாரோ ஒருவர் 9 வினாடி கணினி நேரத்தைப் பயன்படுத்தியிருந்தார். அதற்குரிய கட்டணத்தை ஏற்க எந்தத் திட்டமும் இல்லை. அந்தச் சிறு இழையைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் தொடர்ந்த ஸ்டோலின் தேடல், ஜெர்மனியின் ஹனோவர் நகரிலிருந்து நுழைந்து, திரட்டிய தகவல்களைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்றுவந்த மார்கஸ் ஹெஸ் என்பவரிடம் போய் முடிந்தது. ஒவ்வொரு வினாடிக்கும் ஒரு பெயர் எழுதப்பட்டிருந்த இடத்தில்தான் பெயரில்லாத 9 வினாடிகள் கண்ணில் படும். ஆய்வகம் முழுவதும் ஒரே கணக்கில் நுழைந்துகொண்டிருந்தால் அந்த 75 சென்ட் வேறுபாடு எழுந்தே இருக்காது.

பல குழுக்கள் பகிர்ந்து பயன்படுத்தும் ஆய்வுக் கணினியை நிர்வகிப்பவர்களுக்காகவும், தம் மாணவர்களுக்கு அதில் கணக்குக் கேட்டு விண்ணப்பிக்கும் குழுத் தலைவர்களுக்காகவும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். மூன்று சர்வர்களாக இருந்தாலும் ஆயிரம் நோடுகள் (ஒன்றாக இணைத்த தனிக் கணினிகள்) கொண்ட கிளஸ்டராக இருந்தாலும், ஒவ்வொரு அணுகலுக்கும் ஓர் உரிமையாளர், ஒரு காரணம், ஒரு முடிவுத் தேதி ஆகிய மூன்றும் இருந்தாக வேண்டும். அலுவலகக் கணினிகளுக்கு வகுத்த நடைமுறையை அப்படியே கொண்டுவந்தால் இங்கே பொருந்தாது. பயனர்களில் பலர் வேறு நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள். சிலர் மூன்று மாதமே இருப்பார்கள். ஏறத்தாழ எல்லோரும் தாமே எழுதிய நிரலைக் கட்டளைவரியில் ஓட்டுவார்கள். தடுப்பதை மட்டுமே நோக்கமாகக் கொண்ட ஏற்பாடு அவர்களைக் குறுக்குவழிகளுக்குத் தள்ளும். அந்தக் குறுக்குவழிகளே பின்னர் பெரிய ஓட்டைகளாகும்.

இப்போது யாரால் நுழைய முடிகிறது?

எந்தக் கருவியையும் நிறுவுவதற்கு முன், இன்றைய நிலையில் யார் யாரால் உள்ளே வர முடியும் என்பதை எழுதிப் பாருங்கள். பயனர் கோப்பிலோ, பயனர் விவரங்களை மையமாக வைத்திருக்கும் எல்டாப் கோவையிலோ உள்ள கணக்குகளை மட்டும் எண்ணினால் போதாது. ஒவ்வொருவரின் இல்லக் கோப்புறையிலும் இருக்கும், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் முறை) ஏற்கும் சாவிகளைக் கொண்ட 'ஆதரைஸ்டு கீஸ்' கோப்பு, நிர்வாகி உரிமையில் கட்டளை ஓட்டும் சூடோ அனுமதி பெற்றவர்களின் பட்டியல், குறித்த நேரத்தில் பணிகளை இயக்கும் கிரானில் தானாக ஓடும் பணிகள், தரவுத்தளங்களுக்கும் இணையச் சேவைகளுக்கும் வழங்கிய டோக்கன்கள் (கடவுச்சொல்லுக்குப் பதிலாக நிரல்கள் காட்டும் இரகசியக் குறியீடுகள்), நுண்ணோக்கி போன்ற கருவிகளுடன் இணைந்து ஒரே லாகினில் இயங்கும் கணினிகள் ஆகிய அனைத்தும் நுழைவாயில்களே. ஒவ்வொன்றுக்கும் எதிரே யாருடையது, யார் பரிந்துரைத்தது, எதற்காக, எப்போது முடியும் என்று நான்கு கட்டங்களை வரைந்து நிரப்புங்கள். வெற்றாக நிற்கும் கட்டங்கள்தான் உங்கள் முதல் மாத வேலை. இந்தப் பட்டியலை எடுக்காமல் நேரடியாக இருபடிச் சரிபார்ப்பை நிறுவுபவர்கள், முன்கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டுவிட்டுப் பின்கதவு இருப்பதையே அறியாமல் இருந்துவிடுகிறார்கள்.

நபர், கணக்கு, பங்கு

இம்மூன்றையும் தனித்தனியே பதிவு செய்யுங்கள். நபர் என்பவர் மாறாதவர். கணக்கு என்பது உங்கள் கணினியில் அவருக்கு உள்ள பதிவு. பங்கு என்பது ஒரு குறிப்பிட்ட ஆய்வுத் திட்டத்தில் அவருக்கு உள்ள இடம். மூன்றையும் ஒன்றாகக் குழப்பும்போது, முனைவர் பட்ட மேலாய்வாளர் ஒருவர் ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிய பிறகும் பழைய திட்டத்தின் தரவு அவருக்குத் திறந்தே கிடக்கும். கணக்கை மூட முடியாது, ஏனெனில் அவர் இன்னும் பணியில் இருக்கிறார். பங்கை மூடலாம், ஆனால் அப்படி ஒன்று பதிவிலேயே இல்லை.

பயனர் எண்ணை ஒருபோதும் மறுபடியும் இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். லினக்ஸில் ஒரு கோப்பின் உரிமையாளர் பெயராகப் பதிவாவதில்லை, எண்ணாகவே பதிவாகிறார். போனவரின் எண் புதியவருக்குக் கிடைத்தால், போனவர் எங்கெங்கோ விட்டுச்சென்ற கோப்புகளும் காப்புப்படிகளும் புதியவருக்கு உரியனவாகிவிடும். எண்களுக்குப் பஞ்சம் இல்லை, சிக்கனம் தேவையில்லை.

அடையாளத்தை உறுதிசெய்யும் வேலையை, இயன்றவரை, ஆய்வாளரின் தாய் நிறுவனத்திடம் விட்டுவிடுவது நல்லது. 2005இல் வெளிவந்த சாம்ல் 2.0 தரத்தைக் கொண்டு, ஒரு பல்கலைக்கழகத்தின் லாகினையே இன்னொரு நிறுவனத்தின் சேவைக்கும் பயன்படுத்தும் கூட்டமைப்புகள் பல நாடுகளில் இயங்குகின்றன; அந்தத் தேசியக் கூட்டமைப்புகளை எடுகெய்ன் என்ற பன்னாட்டுச் சேவை ஒன்றோடொன்று இணைக்கிறது. இதில் சேர்ந்தால் வேற்று நாட்டு ஆய்வாளருக்கு நீங்கள் ஒரு புதிய கடவுச்சொல் வழங்க வேண்டியதில்லை. அவர் தம் பல்கலைக்கழகத்தை விட்டு விலகியதும் அந்த லாகின் அங்கேயே மூடப்படும். இணைக்கும்போது அவர்களிடமிருந்து பெறும் விவரங்களில் மின்னஞ்சல் முகவரியை அடையாளமாகக் கொள்ளாதீர்கள். முகவரிகள் மாறும், சில இடங்களில் போனவரின் முகவரி புதியவருக்குப் போகும். மாறாத, மறுபயன்பாடு இல்லாத தனி அடையாளக்குறியைத் தரும்படி கேளுங்கள். அந்நிறுவனம் சர்ட்ஃபி நெறிமுறையை ஏற்றிருக்கிறதா என்றும் பாருங்கள். ஊடுருவல் நேர்ந்தால் தொடர்புகொள்ள ஒருவர் இருக்கிறார், அவர் பதில் சொல்வார் என்பதற்கான உறுதிமொழி அது.

2012இல் தொடங்கிய ஆர்கிட் அமைப்பின் 16 இலக்க எண்ணை ஆய்வாளர்கள் பலர் வைத்திருக்கிறார்கள். ஒருவரின் வெளியீடுகளை அவரோடு இணைக்க அது மிக நல்ல குறியீடு. ஆனால் யார் வேண்டுமானாலும் தாமே பதிந்துகொள்ளலாம் என்பதால், அதை ஆளறி சான்றாகக் கொண்டு கணக்குத் திறப்பது தவறு. கூட்டமைப்பில் இல்லாத சிறு நிறுவனங்களின் ஆய்வாளர்களுக்கு வேறொரு வழியைக் கட்டாயம் வைத்திருங்கள். குழுத் தலைவர் காணொளி அழைப்பில் ஆளையும் அடையாள அட்டையையும் பார்த்து உறுதி தரும் எளிய முறையே போதும். அப்படி ஒரு நேர்வழி இல்லாவிட்டால், அந்த ஆய்வாளர் நண்பரின் கணக்கில் நுழைவார். உங்கள் பதிவேட்டில் நண்பரின் பெயரே இருக்கும்.

கணக்குத் திறக்கும் நாளிலேயே முடிவுத் தேதியை எழுதிவிடுங்கள். ஒப்பந்தம் முடியும் நாள் அல்லது ஓராண்டு, எது முந்தியதோ அது. நீட்டிப்பதற்குக் குழுத் தலைவர் ஒரு வரி எழுதினால் போதும் என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் சுமை இல்லை.

எஸ்எஸ்எச் சாவிகள்

1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைத் திருடியதைத் தொடர்ந்து, அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யலோனென் எஸ்எஸ்எச் நெறிமுறையை உருவாக்கினார். வழியில் நடக்கும் திருட்டை அது தடுத்தது. இரு முனைகளிலும் நடக்கும் திருட்டு அதன் கையில் இல்லை. இன்று ஆய்வுக் கணினிகளில் நிகழும் பெரும்பாலான சிக்கல்கள் அந்த முனைகளில்தான் தொடங்குகின்றன.

2020 மே மாதத்தில் இதை ஐரோப்பா முழுவதும் உணர்ந்தது. எடின்பரோவின் ஆர்ச்சர் மீத்திறன் கணினியும், ஜெர்மனியிலும் ஸ்விட்சர்லாந்திலும் இருந்த வேறு பல கணினி மையங்களும் அடுத்தடுத்து அணுகலை நிறுத்த வேண்டி வந்தது. திருடப்பட்ட எஸ்எஸ்எச் சான்றுகளைக் கொண்டு ஊடுருவியவர்கள் ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவினார்கள்; சில இடங்களில் மொனேரோ என்ற மறையீட்டு நாணயத்தைத் தோண்டும் நிரல் கண்டெடுக்கப்பட்டது. ஆர்ச்சரில் எல்லாப் பயனர்களின் கடவுச்சொற்களும் சாவிகளும் மாற்றப்பட்டன. ஆய்வாளர் ஒருவர் நான்கு மையங்களில் கணக்கு வைத்திருப்பது இயல்பானது. அவர் ஒரு மையத்தில் தம் தனிச் சாவியை (எஸ்எஸ்எச் சாவி இணையில் இரகசியமாக வைக்க வேண்டிய பாதி; சர்வரில் பதிவது மறுபாதியான பொதுச் சாவி) போட்டு வைத்தால், மற்ற மூன்றின் கதவுகளும் அங்கே தொங்குகின்றன.

ஆகவே பயனர்களுக்குக் கற்றுத்தர வேண்டியவற்றுள் முதலாவது: சாவியைத் தம் சொந்த மடிக்கணினியில் உருவாக்க வேண்டும், தனிச் சாவி அந்தச் சாதனத்தை விட்டு வெளியே போகக் கூடாது. ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு சாவி இருந்தால், மடிக்கணினி தொலையும்போது அந்த ஒன்றை மட்டும் நீக்கினால் போதும். சாவி வகையில் இடி25519 ஐத் தேர்ந்தெடுங்கள். 2014 ஜனவரியில் வந்த 6.5 பதிப்பு முதல், பரவலாகப் பயன்படும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச் அதை ஏற்கிறது. பழைய மென்பொருள் காரணமாக ஆர்எஸ்ஏ தான் வேண்டும் என்றால் 3072 பிட்டுக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். சாவிக்குக் கடவுத்தொடர் இடச் சொல்லுங்கள். ஆனால் இட்டிருக்கிறார்களா என்பதைச் சர்வரால் அறிய முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். தனிச் சாவியைப் பூட்டும் கடவுத்தொடர் பயனரின் சாதனத்திலேயே தங்கிவிடுகிறது. உங்கள் விதிமுறை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் இந்த ஓரிடத்தில் அது வேண்டுகோளாக மட்டுமே நிற்கும். இல்லக் கோப்புறைகளில் தனிச் சாவிகள் கிடக்கின்றனவா என்று மாதம் ஒருமுறை தேடிப் பார்ப்பதும், கிடைத்தால் உரியவருக்கு எழுதுவதும் அதைவிடப் பயன் தரும்.

ஒரு கணினி வழியாக இன்னொன்றுக்குப் போக வேண்டியிருக்கும்போது பலர் ஏஜென்ட் ஃபார்வர்டிங் முறையை (மடிக்கணினியில் சாவியை வைத்திருக்கும் ஏஜென்ட் நிரலை இடைக் கணினியிலிருந்தும் பயன்படுத்தும் வழி) இயக்கிவிடுகிறார்கள். இணைப்பு திறந்திருக்கும் வரை, இடைக் கணினியில் ரூட் (முழு நிர்வாகி) உரிமை பெற்ற எவரும் அந்த ஏஜென்ட் வழியாக உங்கள் பெயரில் வேறு கணினிகளுக்குள் நுழையலாம். 2016இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 7.3 பதிப்பு முதல் கிடைக்கும் ப்ராக்ஸிஜம்ப் அதே பயணத்தை இந்த ஆபத்து இல்லாமல் முடித்துத் தருகிறது. இடைக் கணினி வெறும் குழாயாக மட்டும் இருக்கும், சரிபார்ப்பு உங்கள் மடிக்கணினிக்கும் இறுதிக் கணினிக்கும் நேரடியாக நடக்கும். உங்கள் பயனர் கையேட்டில் ப்ராக்ஸிஜம்ப் அமைப்பின் நான்கு வரிகளை நகலெடுக்கத் தக்க வடிவில் கொடுத்துவிடுங்கள்; பெரும்பாலோர் கையேட்டில் இருப்பதை அப்படியே ஒட்டுவார்கள்.

நிர்வாகியின் பக்கத்தில், பொதுச் சாவிகளைப் பயனரின் இல்லக் கோப்புறையிலிருந்து எடுத்து, ரூட் மட்டுமே எழுதக்கூடிய மைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இல்லையெனில், ஒரு நிமிடம் உள்ளே வந்த ஊடுருவி அந்தக் கோப்பில் தன் சாவியை ஒரு வரியாகச் சேர்த்துவிட்டுப் போவான். உரியவர் கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் அவனுக்குக் கதவு திறந்திருக்கும். சாவி வரியிலேயே காலாவதித் தேதியையும், எந்த முகவரியிலிருந்து மட்டும் ஏற்கலாம் என்பதையும் எழுத முடியும், அவற்றைப் பயன்படுத்துங்கள்.

இயன்றால் இன்னொரு படி மேலே போங்கள். ஓபன்எஸ்எஸ்எச் 2010 முதலே கையொப்பமிட்ட சான்றிதழ்களை ஏற்கிறது. பயனர் காலையில் தம் நிறுவன லாகின் வழியாக உறுதிசெய்துகொண்டதும், அவருடைய சாவிக்கு 12 மணி நேரம் செல்லுபடியாகும் ஒரு சான்றிதழை உங்கள் சேவை வழங்கும். மாலையில் அது தானாகவே செல்லாததாகிவிடும். நான் இதை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தாய் நிறுவனம் ஒருவரின் லாகினை மூடினாலும், அவர் உங்கள் கணினியில் முன்பே பதித்துவிட்ட சாவிக்கு அது தெரியாது. அந்தச் சாவி ஆண்டுக்கணக்கில் திறந்துகொண்டே இருக்கும். கூட்டமைப்பில் சேர்ந்துவிட்டோம், இனி விலகல் தானாக நடக்கும் என்று நம்பியவர்கள் ஏமாந்த இடம் இதுதான். நாள்தோறும் புதுப்பிக்கும் சான்றிதழே அந்த இடைவெளியை அடைக்கிறது.

முதல் முறை இணையும்போது திரையில் தோன்றும் கணினியின் கைரேகை எண்ணை (அதன் அடையாளச் சாவியின் சுருக்கக் குறியை) பயனர் எதனோடு ஒப்பிடுவார்? அதை உங்கள் பயனர் கையேட்டில் வெளியிட்டிருந்தால்தான் ஒப்பிட முடியும். இதைச் செய்யாமல் பயனர்களைக் குறைசொல்லக் கூடாது.

இரண்டாவது சான்று

சாவியோ கடவுச்சொல்லோ திருடு போகும் என்றே எண்ணித் திட்டமிட்டால், இரண்டாவது சான்று ஏன் வேண்டும் என்பது விளங்கும். 2011இல் தரப்படுத்தப்பட்ட டிஓடிபி முறையில் கைப்பேசி 30 வினாடிக்கு ஒருமுறை ஒரு புதிய எண்ணைத் தருகிறது. செலவில்லாதது, எளியது, ஆனால் போலிப் பக்கத்தில் தட்டச்சு செய்துவிட்டால் அந்த எண்ணும் களவாகும். 2020 பிப்ரவரியில் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.2 முதல் ஃபிடோ வகைப் பாதுகாப்புச் சாதனத்திலேயே சாவியைக் கட்டிவைக்க முடிகிறது. சாதனத்தைத் தொடாமல் அந்தச் சாவி இயங்காது. நிர்வாகிகளுக்கு இதைக் கட்டாயமாக்குங்கள், மற்றவர்களுக்கு டிஓடிபியில் தொடங்கினாலும் போதும்.

ஆய்வாளர் ஒரு நாளில் நாற்பது முறை கோப்புகளை அனுப்புவார். நாற்பது முறையும் எண் கேட்டால், இரண்டாவது வாரத்தில் யாரோ ஒருவர் அதைத் தானாக நிரப்பும் நிரலை எழுதி, அந்த எண்களை உருவாக்கும் இரகசிய விதையைக் கிளஸ்டரிலேயே சேமித்துவிடுவார். சான்றிதழ் முறை இருந்தால் ஒரு நாளுக்கு ஒருமுறை கேட்டாலே போதும். கைப்பேசி தொலைந்தவருக்குப் புதிதாகப் பதிந்து கொடுக்கும் இடத்திலும் கவனமாக இருங்கள். தொலைபேசியில் பதற்றமான குரலில் கேட்டவருக்கெல்லாம் இரண்டாவது சான்றை நீக்கிக் கொடுத்தால், முழு ஏற்பாட்டின் வலிமையும் அந்த ஓர் அழைப்பின் வலிமைதான். முதல் பதிவின்போது செய்த ஆளறி சோதனையை அப்போதும் குறைவின்றிச் செய்யுங்கள்.

கடவுச்சொல் இன்னும் எங்கேனும் தேவைப்பட்டால் நீளமாக வைக்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் கட்டாயத்தை விட்டுவிடுங்கள். அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் நிறுவனமே காரணமில்லாத காலமுறை மாற்றத்தை 2017 முதல் வேண்டாம் என்கிறது. பகிர்ந்த கணினியில் கடவுச்சொல் என்ற ஏற்பாடே 1960களில் எம்ஐடியின் சிடிஎஸ்எஸ் என்ற நேரப்பகிர்வு அமைப்பில் வேரூன்றியது. 1966இல் ஒரு மென்பொருள் பிழையால் அதே அமைப்பின் கடவுச்சொல் கோப்பு முழுவதும், நுழைந்த எல்லோருக்கும் அன்றைய அறிவிப்பாகத் திரையில் காட்டப்பட்டது. ஒரே இடத்தில் குவித்த இரகசியம் எப்படியும் ஒருநாள் வெளிவரலாம் என்பதற்கு அதைவிடப் பழைய சான்று வேண்டியதில்லை.

கோப்புகளைப் பகிர வழி தந்தால் கடவுச்சொல்லைப் பகிர மாட்டார்கள்

கணக்கைப் பகிர்பவர்கள் அலட்சியத்தால் மட்டுமே அப்படிச் செய்கிறார்கள் என்று நான் கருதுவதில்லை. மாணவரின் முடிவுகளை நாளைக் காலைக்குள் பார்க்க வேண்டிய பேராசிரியர் இருக்கிறார். கோப்புறைக்கு அனுமதி பெற விண்ணப்பம் எழுதி ஒரு வாரம் காத்திருக்க வேண்டும் என்றால், கடவுச்சொல்லை ஒரு செய்தியில் அனுப்புவதே அவர்களுக்குத் தெரிந்த விரைவான வழியாக இருக்கும். எனவே திட்டக் குழுவில் ஓர் ஆளைச் சேர்க்கும் அதிகாரத்தைக் குழுத் தலைவரிடமே கொடுத்துவிடுங்கள். அவர் ஒரு பக்கத்தில் பெயரைச் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்குள் அனுமதி வர வேண்டும். இந்த ஒன்றைச் சரிசெய்தால், எத்தனை எச்சரிக்கை அறிவிப்புகளாலும் ஒழியாத பழக்கம் தானாகவே தளரும்.

ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு லினக்ஸ் குழு, அந்தக் குழுவுக்கு உரிய ஒரு கோப்புறை, அனுமதி 2770 (உரிமையாளருக்கும் குழுவுக்கும் முழு உரிமை, பிறருக்கு எதுவும் இல்லை). முன்னால் உள்ள 2 என்ற எண்ணால், உள்ளே உருவாகும் புதிய கோப்புகளும் அதே குழுவுக்கு உரியனவாகும். அது இல்லாவிட்டால் ஒவ்வொருவரின் கோப்பும் அவரவர் தனிக் குழுவுக்குப் போய், மற்றவர்கள் திறக்க முடியாமல் தவிப்பார்கள், பின்னர் யாரோ 777 என்று மாற்றி எல்லோருக்கும் திறந்துவிடுவார்கள். கூடவே, புதிய கோப்புகளில் எந்த அனுமதிகளை நீக்குவது என்று சொல்லும் யுமாஸ்க்கை 007 என்று அமையுங்கள். அல்லது கோப்புறைக்கு இயல்புநிலை ஏசிஎல் (அணுகல் பட்டியல்) இட்டுவிட்டால் பயனர்களின் அமைப்பைச் சாராமல் அது வேலை செய்யும். இல்லக் கோப்புறைகளுக்கு 700 (உரியவருக்கு மட்டும்) போதும். மனிதர்களின் மருத்துவத் தரவு போன்றவற்றைப் பொதுக் கிளஸ்டரில் வெறும் குழு அனுமதியை மட்டும் நம்பி வைக்காதீர்கள். அதற்குத் தனிப் பகுதி வேண்டும்.

வலையமைப்பு வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் சேமிப்பகத்தில் இரண்டு நுட்பங்களை அறிந்திருப்பது நல்லது. வழக்கமான ஆத்-சிஸ் முறையில் சர்வர், எதிர்முனைக் கணினி சொல்லும் பயனர் எண்ணை அப்படியே நம்புகிறது. எதிர்முனையில் ரூட் உரிமை உள்ளவர் தாம் விரும்பிய எண்ணாக மாறிக்கொள்ளலாம். ரூட் ஸ்குவாஷ் அமைப்பு ரூட்டை மட்டுமே தடுக்கும், மற்ற எண்களைத் தடுக்காது. ஆகவே ஆய்வாளர் தாமே நிர்வகிக்கும் பணிமேசைக் கணினிக்கு அந்தச் சேமிப்பகத்தைத் திறந்துவிடாதீர்கள். திறந்தாக வேண்டும் என்றால் பயனரை மறைகுறியீட்டால் உறுதிசெய்யும் கெர்பெரோஸ் வழியாகத் திறவுங்கள். மற்றொன்று, அதே முறை ஒருவரின் துணைக் குழுக்களில் 16ஐ மட்டுமே சுமந்து செல்லும். 17ஆவது திட்டத்தில் சேர்ந்த பேராசிரியருக்கு ஏதோ ஒரு கோப்புறை காரணமே புலப்படாமல் மறுக்கப்படும்போது, முதலில் இதைப் பாருங்கள்.

ஒரே கணினியில் பலர் இருப்பதன் விளைவுகள்

உலாவியில் நிரல் எழுதி ஓட்டும் ஜூபிட்டர் நோட்புக்கை லோக்கல்ஹோஸ்டில் (அதே கணினிக்குள்ளிருந்து மட்டும் எட்டும் முகவரியில்) மட்டும் இயக்கினால் பாதுகாப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். மடிக்கணினியில் அது உண்மை. பயனர்கள் முதலில் வந்து சேரும் கணினியான லாகின் நோடில் லோக்கல்ஹோஸ்ட் என்பது அங்கே நுழைந்திருக்கும் எல்லோருக்கும் பொதுவானது. டோக்கனை அணைத்துவிட்டு நோட்புக் ஓட்டினால், பக்கத்துப் பயனர் யாரும் உங்கள் பெயரில் எந்த நிரலையும் ஓட்டலாம். கட்டளையின் பகுதியாகக் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தால், இயங்கும் பணிகளின் பட்டியலில் அது மற்றவர் கண்ணில் படும். இயங்கும் பணிகளைக் காட்டும் ப்ராக் கோப்பமைப்பை நிர்வாகி ஹைட்பிஐடி விருப்பத்தோடு ஏற்றி இதை மட்டுப்படுத்தலாம், எனினும் இரகசியத்தை 600 அனுமதி கொண்ட (உரியவர் மட்டும் படிக்கக்கூடிய) கோப்பில் வைத்துப் படிக்கச் செய்வதே முறை. பணிகளை வரிசைப்படுத்தி நோடுகளுக்கு ஒதுக்கும் ஸ்லர்ம் மென்பொருளைப் பயன்படுத்தும் கிளஸ்டரில் பாம்-ஸ்லர்ம்-அடாப்ட் கூறினை இயக்குங்கள்; ஒருவரின் ஜாப் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட் நோடுக்கு மட்டுமே அவரால் எஸ்எஸ்எச் வழி போக முடியும்.

தானியங்கிப் பணிகளுக்கு மனிதரின் கணக்கைக் கடன் கொடுக்காதீர்கள். கருவியிலிருந்து இரவுதோறும் தரவு இறக்கும் பணிக்குத் தனிக் கணக்கு, பொறுப்பாளர் ஒருவரின் பெயர், ஒரே ஒரு கட்டளையை மட்டும் ஓட்ட அனுமதிக்கும் சாவி என்று அமையுங்கள். டோக்கன் தவறுதலாக, நிரலின் எல்லா மாற்றங்களையும் வரலாறாகச் சேமிக்கும் கிட் களஞ்சியத்தில் ஏறிவிட்டால், முதலில் அந்த டோக்கனைச் செல்லாததாக்கிவிட்டு, பிறகு வரலாற்றைத் துடையுங்கள். துடைப்பதற்குள் யாரோ நகலெடுத்திருக்கலாம்.

நிர்வாகிகள் தம் அன்றாடக் கணக்கையும் நிர்வாகக் கணக்கையும் பிரித்து வைக்க வேண்டும். ரூட் கடவுச்சொல்லை நால்வர் பகிர்வதும் ஆய்வகக் கணக்கை நால்வர் பகிர்வதும் ஒரே தவறு. நிஸ்ட் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட மீத்திறன் கணினிப் பாதுகாப்பு ஆவணம், அணுகல், நிர்வாகம், கணிப்பு, தரவுச் சேமிப்பு என நான்கு மண்டலங்களாகப் பிரிக்கிறது. லாகின் நோடிலிருந்து நிர்வாக மண்டலத்துக்கு நேர்வழி இல்லாதபடி அமைப்பதற்கு அது நல்ல வரைபடம்.

விலகும் நாள்

ஸ்டோல் பின்தொடர்ந்த ஊடுருவி பயன்படுத்திய கணக்குகளுள், ஆய்வகத்தில் அப்போது இல்லாத ஒருவருடைய கணக்கும் இருந்தது. உரியவர் வராத கணக்கில் யார் வந்தாலும் கவனிக்க ஆளில்லை. இக்காரணத்தால், திறப்பதைவிட மூடுவதற்கே அதிக உழைப்பைச் செலவிடச் சொல்வேன்.

முடிவுத் தேதிக்கு 30 நாள் முன்பு பயனருக்கும் குழுத் தலைவருக்கும் மடல் போக வேண்டும். அந்த நாளில் நுழைவை நிறுத்துங்கள், ஆனால் எதையும் அழிக்காதீர்கள். கடவுச்சொல்லைப் பூட்டினால் மட்டும் போதும் என்று எண்ணுவது மிகப் பரவலான பிழை: பூட்டிய கடவுச்சொல் சாவி வழி நுழைவைத் தடுப்பதில்லை. கணக்கின் காலாவதித் தேதியைக் கடந்ததாக்கி, சாவிகளையும் சான்றிதழ்களையும் டோக்கன்களையும் நீக்கி, திறந்திருக்கும் இணைப்புகளையும், கிரான் பணிகளையும், வரிசையில் காத்திருக்கும் ஜாப்களையும் நிறுத்திய பிறகே கணக்கு மூடியதாகும். கோப்புகள் யாருக்குப் போக வேண்டும் என்பதைக் குழுத் தலைவர் எழுத்தில் சொல்லட்டும். ஆய்வேட்டின் மூலத்தரவு ஓர் இல்லக் கோப்புறைக்குள் கிடந்து, உரியவர் போன பின் யாராலும் திறக்க முடியாமல் போவது மிகுந்த வேதனை தரும் இழப்பு. போன பிறகும் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பவர் இருந்தால், வருகையாளர் என்ற பங்கில், புதிய முடிவுத் தேதியுடன் தொடரலாம்.

குழுத் தலைவரே விலகும்போது அவர் பரிந்துரைத்த எல்லாக் கணக்குகளும் அதே நாளில் பொறுப்பாளர் இல்லாதவையாகின்றன. வேறொருவர் ஏற்கும் வரை அவற்றைப் பட்டியலில் தனித்துக் காட்டும்படி செய்யுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழுத் தலைவருக்கும் அவருடைய பட்டியலை மட்டும் அனுப்பி உறுதி கேளுங்கள். முந்நூறு பெயர்களை அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். பதினைந்து பெயர்களைப் படிப்பார்கள்.

திருட்டு நடந்துவிட்டால்

பதிவேடுகளை அந்தந்தக் கணினியிலேயே வைத்திருந்தால் ஊடுருவி முதலில் அழிப்பது அவற்றைத்தான். வேறொரு சர்வருக்கு உடனுக்குடன் அனுப்புங்கள். எல்லாக் கணினிகளின் கடிகாரமும் ஒத்திருக்கட்டும். ஒரே சாவியின் கைரேகை இரு கணக்குகளில் தோன்றுவது, ஒரு மணி நேரத்துக்குள் இரு கண்டங்களிலிருந்து நுழைவது, வெளியீடு எதுவும் எழுதாமல் செயலியை முழுவதும் உண்ணும் பணி ஆகிய மூன்றையும் தானாகத் தேடும்படி வைத்தால் நல்ல தொடக்கம். இந்தப் பதிவேடுகள் மனிதர்களின் நடமாட்டத்தைக் காட்டுபவை. பார்க்கும் உரிமை ஓரிருவருக்கு மட்டும் இருக்கட்டும்.

ஐயம் எழுந்ததும் கணினியை அணைத்துவிடாதீர்கள். நினைவகத்தில் இருக்கும் தடயம் போய்விடும். வலையமைப்பிலிருந்து பிரியுங்கள், கணக்கை அழிக்காமல் நிறுத்தி வையுங்கள், வட்டின் நகலை எடுங்கள். அந்தப் பயனரின் இல்லக் கோப்புறையில் என்னென்ன சாவிகள் இருந்தன, அறிந்த கணினிகளின் பட்டியலில் எந்தெந்த மையங்கள் இருந்தன என்று பாருங்கள்; ஊடுருவி அடுத்துச் செல்லக்கூடிய இடங்களின் வரைபடம் அதுவே. அந்த மையங்களுக்கு அன்றைக்கே சொல்லுங்கள், உறுதியாகத் தெரியும் வரை காத்திருக்க வேண்டாம். பயனரைக் குற்றவாளியாக நடத்தாதீர்கள். அவர் அஞ்சி மறைத்தால் அடுத்தவர் யாரும் முன்வந்து சொல்ல மாட்டார்.

ரூட் உரிமை பறிபோயிருக்கக்கூடும் என்றால், அந்தக் காலத்தில் அந்த லாகின் நோடில் நுழைந்த எல்லோரின் கடவுச்சொல்லும், அங்கே வைத்திருந்த சாவிகளும் வெளிப்பட்டவை என்றே கொள்ளுங்கள். சந்தேகத்துக்கு இடமான கோப்புகளை மட்டும் பொறுக்கி நீக்குவதில் பயனில்லை. தூய படிமத்திலிருந்து கணினியைப் புதிதாக நிறுவி, அதன் அடையாளச் சாவிகளையும் புதிதாக உருவாக்குங்கள். புதிய கைரேகைகளைக் கையேட்டிலும், மின்னஞ்சல் அல்லாத இன்னொரு வழியிலும் வெளியிட்ட பிறகே வாயிலைத் திறவுங்கள். பழைய வரியை நீக்கும் கட்டளையையும் அதே அறிவிப்பில் கொடுத்து, எண்ணை ஒப்பிட்ட பின்னரே ஆம் என்று தட்டச்சு செய்யும்படி பயனர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.